உருக்கு முனைச் சப்பாத்தின் கதை: சட்டம் வந்த வழியும் நாம் நிற்கும் இடமும்

பலெர்மோத் துறைமுகத்தை அண்டி, உச்சியார்தோனே சிறைச்சாலையின் நெடுமதிலுக்குத் தெற்கே அமைந்துள்ள பழைய குடியிருப்பு போர்கோ வெக்கியோ. 16ஆம் நூற்றாண்டில் நகர மதிலுக்கு வெளியே, துறைமுகத்தை நம்பி வாழ்ந்த எளிய மக்களின் ஊராக இது எழுந்தது. 1980களில் இருந்து பலெர்மோவை வந்தடைந்த எம்மவரும் இத்தகைய பழைய குடியிருப்புகளிலேயே வாடகைக்கு இடம் தேடினர். அதிகாலையில் வேலைக்கு விரையும் எம்மவரின் கால்களை இங்கே நோக்கினால், பலவற்றில் விளையாட்டுச் சப்பாத்தையும் சிலவற்றில் வெறும் செருப்பையும் காணலாம். பாரம் சுமக்கும் வேலைக்கு இவை ஏற்றவை அல்ல. கால்விரல்களைக் காக்கும் சப்பாத்து இந்நாட்டுத் தொழிலாளரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதையும், அது எம்மிடம் ஏன் முழுமையாக வந்து சேரவில்லை என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

போர்கோவுக்கு வடக்கே, கடற்கரையோரமாகப் பலெர்மோவின் கப்பல் கட்டும் தளம் உள்ளது. புளோரியோ குடும்பத்தின் முயற்சியால் 1897இல் தொடங்கப்பட்ட தளம் இது. இரும்புத் தகடும் சங்கிலியும் மனிதக் கைகளால் நகர்த்தப்பட்ட அக்காலத்தில், நசுங்கிய விரல் தொழிலின் விதியாகவே கருதப்பட்டது. அடுத்த ஆண்டே, 1898 மார்ச்சில், தொழில் விபத்துகளுக்கான கட்டாயக் காப்புறுதிச் சட்டத்தை இத்தாலி இயற்றியது. தொழிலாளர் வரலாற்றில் அது பெரிய அடிவைப்பே. எனினும் அச்சட்டம் காயத்துக்குப் பின் காசு கொடுத்ததே தவிர, காயத்துக்கு முன் காப்புக் கொடுக்கவில்லை.

அந்த மாற்றத்துக்கு மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1955 ஏப்ரலில் வெளியான 547ஆம் இலக்கக் குடியரசுத் தலைவர் ஆணை, எரிகாயம், குத்துக்காயம், நசுங்கல் ஆகிய ஆபத்துள்ள வேலைகளில் தொழிலாளருக்குத் தகுந்த உறுதியான சப்பாத்து வழங்கப்படல் வேண்டும் என விதித்தது. அச்சப்பாத்தை விரைவாகக் கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. உருகிய உலோகம் சப்பாத்தினுள் விழுந்தால் என்ன நேரும் என்பதை எண்ணினால் இவ்வாசகத்தின் பெறுமதி விளங்கும். 1989இல் ஐரோப்பிய சமூகம் வெளியிட்ட நெறிமுறை, தற்காப்புச் சாதனங்களை வேலைகொள்வோர் இலவசமாகவே வழங்க வேண்டும் என்றது. 1994இன் 626ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2008இன் 81ஆம் இலக்கச் சட்டமும் இதனை இத்தாலியில் நிலைநிறுத்தின. பாதுகாப்பின் செலவு எவ்வகையிலும் தொழிலாளர் தலையில் விழக்கூடாது என்பதே இன்றைய சட்டம்.

"காலுக்குத் தக்க செருப்பும், கூலிக்குத் தக்க உழைப்பும்" என்பது எம் முன்னோர் வாக்கு. இந்நாட்டுச் சட்டமோ, கூலி எவ்வளவாயினும் காலுக்குத் தக்க சப்பாத்து உரியது என்கிறது.

ஆயினும் இச்சட்டத்தில் எம்மைத் தொடும் ஒரு விலக்கு உண்டு. 1994இன் சட்டமும் 2008இன் சட்டமும், வீட்டுப் பணியாளரைத் "தொழிலாளர்" என்ற வரைவிலக்கணத்துக்குள் சேர்க்கவில்லை. பலெர்மோவில் எம்மவரிற் பெரும்பாலானோர் செய்வது வீட்டு வேலையே. எமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், தாம் வேலைசெய்த வீட்டின் நான்காம் மாடியிலிருந்து பழைய அலுமாரி ஒன்றை இறக்கும்போது அது கைநழுவிச் செருப்பணிந்த காலின்மேல் விழுந்தது. பெருவிரல் நசுங்கியது. மருந்துச் செலவுக்கெனச் சிறு தொகை கொடுத்ததோடு வீட்டுக்காரர் அமைந்துவிட்டார். பதிவுசெய்த வீட்டுப் பணியாளருக்கும் "இனாயில்" என்னும் அரச நிறுவனத்தின் விபத்துக் காப்புறுதி உண்டு என்பதை அவர் பின்னரே அறிந்தார். காப்புறுதி உண்டு, காலுக்குக் காப்பு இல்லை. வீட்டுப் பணியாளரைப் பொறுத்தவரை, இவ்விடயத்தில் காலம் 1898இலேயே நின்றுவிட்டதோ என எண்ணத் தோன்றுகிறது.

பண்டசாலை, கட்டட வேலை, உணவுச்சாலை, சந்தைக்கடை ஆகியவற்றில் பணிபுரிவோர் நிலை வேறு. நசுங்கல் ஆபத்துள்ள வேலையாயின் சப்பாத்தை உரிமையோடு கேட்கலாம். "ஸ்கார்ப்பே அந்தின்போர்த்துனிஸ்திகே" என்று கேட்டால் போதும். பதிவின்றி வேலை வாங்கப்படுவோரும் ஒன்றை நினைவிற் கொள்க: முதலாளி காப்புறுதிப் பணம் செலுத்தாதிருந்தாலும் விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு நட்டஈடு மறுக்கப்படலாகாது என்பது 1965ஆம் ஆண்டின் சட்டம். ஆகவே மருத்துவமனையில் "வீட்டில் விழுந்தேன்" என்று பொய்யுரைத்து உரிமையை இழக்க வேண்டாம்.

இனி, சப்பாத்து எவ்வளவு காக்கும் என்பதைக் காண்போம். 20345 என்னும் ஐரோப்பிய நியமத்தின்படி, முனைக்கவசம் 200 யூல் அளவான அடியைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். ஏறக்குறைய ஒன்றரைத் தொன் பாரத்தின் அழுத்தத்தையும் அது தாங்க வேண்டும். அடி விழுந்த பின்னரும் 42ஆம் அளவுச் சப்பாத்தினுள் விரலுக்கு 14 மில்லிமீற்றர் இடைவெளி எஞ்சியிருத்தல் வேண்டும். உருக்குக் கவசம் மடிந்து விரலைத் துண்டிக்கும் என்ற அச்சம் எம்மவரிடையே உண்டு. கவசத்தையே மடிக்கவல்ல பாரம், கவசமற்ற விரலை எவ்வாறும் விட்டுவைக்காது என்பதை உணர்தல் வேண்டும். ஆனால் கவசம் காப்பது விரல்களை மட்டுமே. புறங்காலையும் கணுக்காலையும் அன்று.

வாங்கும்போது நியம இலக்கமும் "எஸ்" வகைக் குறியும் பொறிக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்க. உலர்ந்த இடத்துக்கு எஸ்1 போதும். ஆணி கிடக்கும் இடத்துக்கு எஸ்1பி, ஈரமும் ஆணியும் சேர்ந்த இடத்துக்கு எஸ்3 தகும். உருக்குக்குப் பதிலாக இலேசான செயற்கைக் கலவைக் கவசம் உள்ளவையும் அதே சோதனையைத் தாண்டியவையே. செருப்போடு வளர்ந்த எமது பாதங்கள் முன்புறம் அகன்றவை. ஆதலால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், தடித்த காலுறையோடு அணிந்து நடந்து பார்த்தே வாங்குக. பலத்த அடி ஒன்றைத் தாங்கிய சப்பாத்து வெளியே நன்றாகத் தோன்றினும் அதனை மாற்றிவிடுக.

வீட்டு வேலை செய்வோர், சட்டம் தம் வாசலுக்கு வரும்வரை காத்திராது, பாரம் தூக்கும் நாளுக்கென ஒரு சோடியையேனும் வைத்திருத்தல் நன்று. அதன் செலவை வீட்டுக்காரரிடம் கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. பல தொழிலாளரின் நசுங்கிய விரல்கள் எழுதிய சட்டம் இது. அதில் எமக்குரிய பகுதியைக் கேட்டுப் பெறுவதும், விடுபட்ட பகுதிக்காகக் குரல் கொடுப்பதும் எமது கடனே.