கையொப்பமிடும் படிவத்தின் பின்னால்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் மஹல்லாக்களில் பிள்ளைகளுக்கான முகாம்களும் ஒருநாள் சுற்றுலாக்களும் அறிவிக்கப்படுகின்றன. அவற்றைப் பொறுப்பேற்று நடத்துபவர் பெரும்பாலும் ஊதியமில்லாத ஓர் இளைஞர். பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்து, இஷாவுக்குப் பின் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலோடு உட்காருபவர். அவர் நீட்டும் படிவத்தில் இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி எண், பெற்றோர் கையொப்பம் என்று கட்டங்கள் நீள்கின்றன. "நம் பள்ளிவாசல் பிள்ளைகள்தானே, இதற்கெல்லாமா படிவம்?" என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். அந்தத் தாள் எப்படிப் பிறந்தது என்பதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி சாரணர் இயக்கத்தின் வரலாறு.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். சுமார் இருபது சிறுவர்கள் கலந்துகொண்டனர். செல்வந்தர் பள்ளிகளில் பயின்றவர்களிடம் ஒரு பவுன் கட்டணம் பெறப்பட்டது. பூல், போர்ன்மத் நகரங்களின் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, கட்டினால் போதும். இருவகைப் பிள்ளைகளும் ஒரே கூடாரங்களில் கலந்தே தங்கினர். இயலாதவரிடம் குறைவாகப் பெறும் ஏற்பாடு முதல் முகாமிலேயே இருந்தது என்பது நமக்கு வியப்பளிக்கிறது. முடிவில் 24 பவுனுக்குச் சற்று அதிகமாகப் பற்றாக்குறை விழுந்தது. இரு மகன்களை முகாமுக்கு அனுப்பியிருந்த ஒரு தந்தை அதை ஏற்றுக்கொண்டார். பற்றாக்குறை இவ்வளவு என்று சொல்ல முடிந்ததே கணக்கு எழுதப்பட்டிருந்ததால்தான். கணக்கில்லாத முகாமில் பொறுப்பாளர் தம் கைக்காசை இழப்பார், அல்லது நல்ல பெயரை இழப்பார். இரண்டையும் நாம் கண்டிருக்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதையும், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்று அதே வசனம் விலக்குகிறது என்பதையும் நம் வாசகர் அறிவர். அந்த இரண்டாவது விதி இக்கட்டுரையில் பின்னர் நினைவுக்கு வரும்.

இயக்கம் விரைவாகப் பரவியது. 1909இல் பெங்களூருக்கும், 1912இல் இலங்கையின் மாத்தளைக்கும் வந்தது. அன்றைய அதிகாரபூர்வ அமைப்பு இந்தியச் சிறுவர்களைச் சேர்க்காததால், 1917இல் அன்னி பெசன்ட் சென்னையில் தனி அமைப்பே தொடங்கினார். ஆர்வமுள்ள ஆசிரியர்களும் எழுத்தர்களும் எங்கும் சாரண ஆசிரியர்களாக முன்வந்தனர். ஆர்வம் இருந்த அளவுக்கு விதிகள் இருக்கவில்லை.

1912 ஆகஸ்ட் 4 அன்று தென் லண்டனின் ஏழ்மையான வால்வொர்த் பகுதிச் சாரணர்கள் ஒரு பாய்மரப் படகில் தேம்ஸ் நதிவழியே ஷெப்பி தீவிலுள்ள முகாமுக்குச் சென்றுகொண்டிருந்தனர். லேஸ்டவுன் கரையருகே திடீரென எழுந்த சூறைக்காற்றில் படகு கவிழ்ந்தது. ஒன்பது சிறுவர்கள் மூழ்கி இறந்தனர். சாரண ஆசிரியரும் மற்றவர்களும் உயிர் தப்பினர். கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், உடல்களை லண்டனுக்குக் கொண்டுவர ஒரு போர்க்கப்பலை அனுப்பினார். நன்ஹெட் இடுகாட்டில் அவர்களுக்காக எழுப்பப்பட்ட வெண்கலச் சிலை 1969இல் திருடப்பட்டது என்பது வேறொரு துயரம். அந்தப் பிள்ளைகளைப் படகில் ஏற்றியவர் தீயவர் அல்லர், அவர்களை நேசித்தவர். இன்று பிரிட்டனில் ஒரு சாரணத் தலைவர் பிள்ளைகளை நீரில் இறக்க வேண்டுமானால், அந்தச் செயலுக்கென்று தனி அனுமதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். நல்லெண்ணம் மட்டும் அங்கே செல்லுபடியாகாது.

ஆனால், எழுதி வைத்தால் மட்டும் போதுமா? 1993 மார்ச் 22 அன்று நடந்ததைப் பார்த்தால் போதாது என்றே தோன்றுகிறது. இங்கிலாந்தின் பிளிமத் நகரப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியரோடும் தனியார் பயிற்சி மையமொன்றின் இரு பயிற்றுநர்களோடும், லைம் விரிகுடாவில் சிறு துடுப்புப் படகுகளில் சென்றனர். காற்று அவர்களைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. உதவி கோரச் சமிக்ஞை வாணம்கூடக் கையில் இல்லை. நான்கு மாணவர்கள் குளிரில் இறந்தனர். விசாரணையில் வெளிப்பட்டதோ அதைவிட வேதனையானது. அதே மையத்தில் பணியாற்றிய இரு பயிற்றுநர்கள், இப்படியே போனால் ஒரு பெற்றோரிடம் பிள்ளை திரும்பி வராததற்குக் காரணம் சொல்ல நேரும் என்ற பொருளில், முந்தைய ஆண்டே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு விலகியிருந்தனர். எழுதியவர்கள் வெளியே போனார்கள். கடிதம் கோப்பில் கிடந்தது. மையத்தின் தலைவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்த பெற்றோரின் போராட்டத்தால் 1995இல் சாகச மையங்களுக்கு உரிமம் கோரும் சட்டம் வந்தது. தம் சொந்த உறுப்பினர்களுக்கு மட்டும் முகாம் நடத்தும் தன்னார்வச் சங்கங்களுக்கு அந்த உரிமம் தேவையில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. அங்கே விதியை வகுப்பதும் காப்பதும் அந்தச் சங்கத்தின் அமானிதமாகவே விடப்பட்டது.

காகிதத்தை மறைத்து வைத்தால் என்னவாகும் என்பதை அமெரிக்கா காட்டியது. பிள்ளைகளிடம் தவறாக நடந்த தலைவர்கள் வேறு கிளையில் மீண்டும் சேர்ந்துவிடாதிருக்க, அமெரிக்க பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு 1920களிலிருந்தே இரகசியக் கோப்புகளைப் பேணியது. நோக்கம் சரியானதே. ஆனால் பல நேர்வுகளில் காவல்துறைக்கோ மற்றப் பெற்றோருக்கோ தகவல் போகவில்லை. அமைப்பின் பெயர் காக்கப்பட்டது, பிள்ளைகள் காக்கப்படவில்லை. 2012இல் ஆரிகன் மாநில உச்சநீதிமன்ற ஆணையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியாகின. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்புக் கோரியது. 82,000க்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். இழப்பீட்டு நிதி 2.46 பில்லியன் டாலராக உடன்பட்டது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது, எப்போதும் இரு பெரியவர்கள் உடனிருக்க வேண்டும் என்ற விதி இன்று அங்கே எல்லாக் கிளைகளையும் கட்டுப்படுத்துகிறது.

"ஜமாஅத்தின் மானம் போய்விடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடுவோம்" என்ற குரல் நம்மிடையேயும் கேட்காததன்று. அந்தக் குரலுக்கு இந்தியாவில் சட்டம் இடம் தரவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஊதியம் பெறாதவர் என்பதால் முகாம் பொறுப்பாளருக்கு இதிலிருந்து விலக்கில்லை. தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே இந்த விடுமுறையில் படிவம் வீட்டுக்கு வந்தால், கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதோடு நில்லாமல், நாமும் சில கேள்விகள் கேட்கலாம். உடன் செல்லும் பெரியவர்கள் எத்தனை பேர், யார் யார்? பெண் பிள்ளைகளோடு பெண் பொறுப்பாளர் உண்டா? குளிக்கும் இடத்தில் நீச்சல் தெரிந்தவர் யார்? கட்டணம் கட்ட இயலாத பிள்ளையின் பங்கை யார் ஏற்கிறார்கள், அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் நடக்குமா? நாம் எழுதித் தந்த ஒவ்வாமைக் குறிப்பைச் சமையற்காரர் படித்தாரா? பொறுப்பாளரிடமே மனக்குறை என்றால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் படிவத்தில் கட்டமே இல்லையென்றால், ஒரு பெயரையும் எண்ணையும் எழுதித் தரும்படி கேட்டு, அதன் கீழே குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் சேர்க்கச் சொல்லலாம்.