பூஞ்சை தந்த மருந்து

டத்தோ கிராமாட் பக்கம் சீனர் கடைகளில் ‘அங்காக்’ என்னும் சிவப்பரிசியை நாம் பார்த்திருப்போம். அது பூஞ்சையால் புளிக்கவைத்த அரிசி. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ‘ஸ்டாட்டின்’ மாத்திரைக்கும் அதற்கும் உறவுண்டு.

கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவதைத் தடுக்கும் பொருளை, 1971இல் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ தேடத் தொடங்கினார். சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973இல் அரிசியில் படர்ந்த ஒரு பூஞ்சையில் அதைக் கண்டார். 1979இல் அங்காக் வகைப் பூஞ்சையிலும் அத்தகைய பொருளைக் கண்டெடுத்தார். அதே பொருள் ‘லோவாஸ்டாட்டின்’ என்னும் பெயரில் 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. ஸ்டாட்டின்கள் மாரடைப்பைக் குறைத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தன.

ஆனால், 2001இல் ‘செரிவாஸ்டாட்டின்’ என்ற மாத்திரை விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. அதை உண்டவர்களில் சிலர் தசை சிதைந்து, சிறுநீரகம் பழுதாகி மாண்டனர். கூடுதல் அளவில் உண்டவர்களுக்கும், ‘ஜெம்ஃபைப்ரோசில்’ என்னும் வேறொரு கொழுப்பு மருந்தைச் சேர்த்து உண்டவர்களுக்குமே ஆபத்து மிகுதியாக இருந்தது.

இவ்வரலாறு நமக்குச் சொல்வதென்ன? மருத்துவர் குறித்த அளவே அளவு. அடுத்த வீட்டார் மாத்திரை நமக்கு ஆகாது. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாக விழுங்கக் கூடாது. அங்காக் மாத்திரையோ நாட்டு மருந்தோ உண்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கருவுற்ற தாய்மார்கள் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். கடுமையான தசைவலி கண்டால் வேலைக் களைப்பென்று இருந்துவிடலாகாது. சிறுநீர் கறுத்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள். இம்மருந்துக்கு அது பொருந்தாது. உடம்பு தேறிவிட்டதென்று நாமாக நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும்வரை தொடர்வோம்.