முதுகில் எழுதிய பெயர்

இந்த வாரம் எங்க ஊர்லேருந்தே ஆரம்பிக்கிறேன். மணிமங்கலம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியா வந்தா ஒரு பெரிய ஏரி, ஒரு ராஜகோபால சுவாமி கோயில், அப்புறம் கம்பெனி பஸ்களின் வரிசை. ஊரைத் தெரியாதவங்களுக்கு இவ்வளவுதான் அடையாளம். ஆனா வரலாறு படிச்சவங்களுக்கு இந்தப் பெயர் வேறொரு காரணத்தால் தெரிஞ்சிருக்கும். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களங்களில் ஒன்று இது.

அந்தப் போரைப் பற்றிக் கூரம் செப்பேட்டில் ஒரு செய்தி வருகிறது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசி புறமுதுகு காட்டினான். அந்த முதுகையே ஒரு பட்டயமாக நினைத்து, வெற்றி என்ற பொருளுள்ள 'விஜய' என்ற மூன்று எழுத்துகளை நரசிம்மவர்மன் அதில் எழுதினான் என்கிற மாதிரி அந்தப் புலவர் வர்ணிக்கிறார்.

ஒருத்தன் உடம்பில் இன்னொருத்தன் தன் வெற்றியை எழுதுவது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கிரிக்கெட் சட்டைதான் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

1996 உலகக் கோப்பை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்திய போட்டி. அதன் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. நம்ம வீரர்கள் சட்டையிலும் அந்தக் காலத்தில் அதே பெயர்தான். எனக்கு அப்போ பத்து வயசு. அந்தச் சட்டையை வாங்கித் தர வீட்டில் காசு இல்லை. ஒரு பழைய வெள்ளை பனியனை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் நானே நெஞ்சில் 'வில்ஸ்' என்று எழுதிக்கிட்டு ஏரிக்கரையில் விளையாடினேன். அது சிகரெட் பெயர் என்று தெரியும். எங்க பெரியப்பா பிடிச்சதும் அதே சிகரெட்தான். ஆனா என் மனசில் அது சச்சின் பெயர் மாதிரி ஆயிடுச்சு. ஸ்பான்சர்ஷிப் எப்படி வேலை செய்யுதுன்னு விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்கிட்ட இல்லை. காசு வாங்காத விளம்பரப் பலகையா நான் நின்னேன்.

அந்தக் கதை எப்படி முடிந்தது? புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் வரப்போகிறது என்றானதும், 2001-இல் ஐ.டி.சி. நிறுவனம் விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்பிலிருந்து விலகியது. 2003-இல் சட்டமே வந்தது. 'சிகரெட் காசு இல்லேன்னா கிரிக்கெட் செத்துடும்' என்று அப்போ பேசினவங்க உண்டு. கிரிக்கெட் சாகலை. சட்டையில் வேற பெயர் வந்தது, அவ்வளவுதான்.

இப்போ எண்ணெய்க்கு வருவோம்.

விளையாட்டில் எண்ணெய்க் கம்பெனிகளின் வரலாறு வேடிக்கையாக ஒரு செடியில் தொடங்குகிறது. நம்ம ஆமணக்கு! 1899-இல் இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய மசகெண்ணெய்க் கம்பெனி, 1909-இல் மோட்டார் இன்ஜினுக்கென்று ஒரு எண்ணெயைக் கொண்டுவந்தது. அதில் விளக்கெண்ணெய் கலந்திருந்ததால், ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டி 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார்கள். கார் பந்தயம், விமானப் பந்தயம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் பறந்தது. 2000-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி பி.பி. என்ற பெட்ரோலிய நிறுவனத்தின் கைக்குப் போனது. நம்ம ஊரில் 'காஸ்ட்ரால் விருது' என்று கிரிக்கெட் வீரர்களுக்குக் கொடுத்ததைப் பார்த்திருப்பீங்க.

அதோட தர்க்கம் நேரடியானது. பைக் வச்சிருக்கிறவன் கிரிக்கெட் பார்க்கிறான். ஆயில் மாத்தும்போது இந்தப் பெயர் ஞாபகம் வரணும். 2005-இல் இலங்கையில் இந்தியா, இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள் ஆடிய தொடருக்கு 'இந்தியன் ஆயில் கோப்பை' என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்தக் கம்பெனி லங்கா ஐ.ஓ.சி. என்று அங்கே பெட்ரோல் பங்க் நடத்தத் தொடங்கியிருந்தது. கோப்பையை இலங்கை ஜெயித்தது. அதே 2005-இல் கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பாரத் பெட்ரோலியத்தின் 'ஸ்பீடு' பெட்ரோல் விளம்பரத்தில் அவர்தான் முகம். இதெல்லாம் சரக்கு விற்கிற விளம்பரம். புரியுது.

புரியாதது இதற்கு அப்புறம் வருவது. 2022 ஐ.பி.எல்.-இல் ஆரஞ்சுத் தொப்பியிலும் ஊதாத் தொப்பியிலும் சவூதி அராம்கோ பெயர். அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலோடு ஒப்பந்தம். பிறகு அது 2027 வரை நீட்டிக்கப்பட்டது. 2023 அக்டோபர் 8, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். கே.எல். ராகுல் கடைசி வரை நின்று 97 ரன். ஆட்ட நாயகன் விருது வாங்கினார். அந்த விருதின் பெயரிலும் அராம்கோ.

யோசிச்சுப் பாருங்க. மணிமங்கலத்தில் அராம்கோ பங்க் கிடையாது. நான் அவங்ககிட்ட ஒரு லிட்டர்கூட வாங்க முடியாது. அப்போ எனக்கு எதை விற்கிறாங்க?

நல்ல பெயரை. 1965 முதல் உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் 4 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே கம்பெனி தோண்டி எடுத்த எண்ணெயோடும் எரிவாயுவோடும் தொடர்புடையது என்று ரிச்சர்ட் ஹீடி என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். 2024-இல் நியூ வெதர் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட அறிக்கை, எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் 200-க்கும் அதிகமான விளையாட்டு ஒப்பந்தங்களில் குறைந்தது 560 கோடி டாலர் போட்டிருக்கின்றன என்றது. சட்டம் போடும் நாள் ஒன்று வரும்போது, 'இவங்க நம்ம ஆளுங்கப்பா' என்று கோடிக்கணக்கான ரசிகர்கள் நினைக்கணும். அதுக்குக் கொடுக்கிற முன்பணம் இது என்பது என் வாசிப்பு.

இப்போ மறுபடி எங்க ஊருக்கு வர்றேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் நடந்த கார், பைக் பந்தயங்களுக்கு வாரிசாக, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இங்கே பந்தயத் தளம் திறந்தது. பின்னால் பக்கத்திலேயே ஹூண்டாய் ஆலை வந்தது. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. எங்க தெருவில் பாதி வீட்டுச் சோறு கார் கம்பெனியிலிருந்து வருது. அதனால வண்டியையும் பந்தயத்தையும் திட்டி நான் பேச முடியாது, பேசவும் மாட்டேன். சின்ன வயசில் வேலி ஓரம் நின்னு அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான்.

2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 தெருப் பந்தயம் நடக்கிறதா இருந்தது. 3.5 கிலோமீட்டர் சுற்று. அதற்கு ஒரு வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வந்தது. நகரமே தண்ணிக்குள். பந்தயம் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-இல் நடந்தது. அந்த வெள்ள நாட்களில்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. மணலியில் உள்ள சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்; குழாயில் கசிவு எதுவும் இல்லை என்றது நிறுவனம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப் போயிருந்தன.

எங்க பக்கக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர்தான் அடையாற்றுக்குத் தொடக்கம். 2015-இல் வரதராஜபுரத்தில் எங்க மாமா வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. மொட்டை மாடியில் ராத்திரி கழிந்தது. 'எங்க ஏரியிலேருந்து வந்த தண்ணிதானே மாமா' என்று நான் கேட்டதற்கு, 'ஆமாடா, உங்க ஊர்ப் பாசம்' என்றார். இன்னமும் மழைக்காலம் வந்தா டி.வி. பெட்டியைத் தூக்கி மேலே வச்சிடுவார்.

இங்கே நேர்மையா ஒன்று சொல்லணும். அந்த 2015 மழையை ஆராய்ந்த ஒரு சர்வதேசக் குழு, புவி வெப்பமாதலின் தெளிவான கைரேகை அதில் தெரியவில்லை என்றே சொன்னது. ஏரியையும் ஓடையையும் அடைத்து வீடு கட்டினது நம்ம தப்பு. அதை எண்ணெய்க் கம்பெனி தலையில் கட்ட முடியாது. ஆனா இன்னொரு கணக்கும் உண்டு: காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்கிறபோது கொட்டும். அடைபட்ட ஓடையும், கனக்கிற மேகமும் ஒரே தெருவில் சந்திக்கப் போகின்றன. விளையாட்டும் இதற்குத் தப்பாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த நாலாம் நாள் சேப்பாக்கத்தில் டெஸ்ட். ஆடுகளத்தைக் காய வைக்கத் தட்டில் நெருப்புக் கரி போட்டு மேலே பிடித்தார்கள்.

'எண்ணெய்க் காசு வேண்டாம்னா நம்ம பசங்களுக்கு யார் வேலை கொடுப்பா?' என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம அரசு எண்ணெய் நிறுவனங்கள் பல விளையாட்டுக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்துக் காப்பாற்றியிருக்கின்றன. சதுரங்க வீராங்கனை கொனேரு ஹம்பி ஓ.என்.ஜி.சி. ஊழியர். அது இல்லேன்னா எத்தனையோ பேர் ஆட்டத்தையே விட்டிருப்பாங்க. ஒரு வீராங்கனைக்கு வேலை தருவதும், உலகக் கோப்பை விருதுக்குத் தன் பெயரை வைப்பதும் எனக்கு ஒண்ணாத் தெரியலை. முதலாவதை வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேள்வி கேட்கலாம்.

கேட்டவங்களும் இருக்காங்க. ஆஸ்திரேலிய கேப்டன் பாட் கம்மின்ஸ், அணியின் ஸ்பான்சராக இருந்த அலின்டா எரிசக்தி நிறுவனம் பற்றித் தன் தயக்கத்தைச் சொன்னார். 2023-இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 2024-இல் நூற்றுக்கும் மேற்பட்ட கால்பந்து வீராங்கனைகள் அராம்கோ ஒப்பந்தத்தை விடச் சொல்லி ஃபிஃபாவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஃபிஃபா விடவில்லை. புகையிலைக்கும் முதல் கடிதத்திலேயே முடிவு வந்துவிடவில்லை என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க.

போன மாசம் என் பையன் ஏரிக்கரை மைதானத்தில் ஆடினான். உள்ளூர் டோர்னமென்ட், ஒரு பெயின்ட் கடை கொடுத்த மஞ்சள் சட்டை. முதுகில் கடைப் பெயரும் போன் நம்பரும். வீட்டுக்கு வந்து, 'அப்பா, இது யாருப்பா?' என்றான். சொன்னேன். அந்தக் கடைக்காரர் யாரென்று எனக்குத் தெரியும், அவர் எதை விற்கிறார் என்றும் தெரியும். டி.வி.யில் விருது கொடுக்கும்போது அதே கேள்வியை அவன் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேணுமே என்றுதான் இந்த எபிசோடைத் தயார் பண்ணினேன்.

புலிகேசிக்குத் தன் முதுகில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வழியில்லை. நமக்கு இருக்கு. சட்டையைக் கழற்றி ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.