ராஜாஜியும் உலக அமைதியும்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி (10.12.1878 – 25.12.1972): சுதந்திர இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், அணு ஆயுத எதிர்ப்பாளர். அன்றைய சேலம் மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் முன்சீப் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஓசூரில் பள்ளிக்கல்வி பெற்றார்.

அணு ஆயுத எதிர்ப்பு: அணுகுண்டுச் சோதனையை ஒரு நாடு, மற்ற நாடுகளுக்காகக் காத்திராமல், தானே முன்வந்து நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். 1962 செப்டம்பரில், தம் 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவுடன் அமெரிக்கா சென்றார். ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் உடன் சென்றனர். வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து, சோதனைகளைக் கைவிடுமாறு நேரில் வேண்டினார். மறுமாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி உலகைப் போரின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. அணு ஆயுதப் போர் குறித்த அவருடைய அச்சம் வீணல்ல என்பது விளங்கியது. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அண்டை நாடுகள்: பாகிஸ்தானுடன் சமரசத்தை வலியுறுத்தினார். 1964 மே மாதம், சிறையிலிருந்து விடுதலையான காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா சென்னைக்கே வந்து அவருடன் காஷ்மீர் குறித்துப் பேசினார். சீனப் போருக்குப் பின் மேற்கு நாடுகளுடன் நெருக்கம் தேவை என்றார்.

நினைவிடம்: தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய வீடு நினைவு இல்லமாக உள்ளது. படைத்தளவாட உற்பத்திக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூர் இடம்பெற்றுள்ள இந்நாளில், அமைதிக்காகக் கடல் கடந்த இம்மண்ணின் மைந்தரை நினைப்பது அவசியம்.