வால்வும் பேஸ்மேக்கரும்: ஒரு பழைய உறவு

கிழக்கேகோட்டையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் என் அத்திம்பேருக்கு 78 பிராயம். சென்ற வருஷம் நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் செலுத்தி அவருக்கு அயோர்ட்டிக் வால்வு மாற்றினார்கள். மூன்றாம் நாள் நாடித்துடிப்பு 35க்கு இறங்கிவிட்டது. பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். "ஏண்டா, வால்வுக்குத்தானே கையெழுத்துப் போட்டேன், இதென்ன புதுசா பேட்டரி?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார் அத்திம்பேர். யாரோ தப்புப் பண்ணிவிட்டார்கள் என்றே குடும்பத்தில் எல்லோரும் எண்ணினோம். பிறகு நான் தேடிப் படித்ததில் தெரிந்த சரித்திரம் வேறு. நம் அங்கத்தினர்களில் பலருக்கும் இந்தப் பிராயம்தான் என்பதால் எழுதுகிறேன்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சார உத்தரவைக் கொண்டுபோக ஒரே ஒரு மெல்லிய நார்க்கற்றைதான் உண்டு. 1893ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் இதைக் கண்டார். 1906ல், ஜெர்மனியில் மார்பர்க் நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஜப்பானியர் ஸுனாவோ தவாரா முழுப் பாதையையும் விளக்கினார். இந்தக் கற்றை இறங்கும் வழி, அயோர்ட்டிக் வால்வு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே, நடுச்சுவரை ஒட்டி. சிக்கல் எல்லாம் இந்த அண்டைவீட்டு உறவில்தான்.

1950களில் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் டாக்டர் வால்டன் லில்லஹை, குழந்தைகளின் இதயச் சுவரிலுள்ள ஓட்டைகளைத் தைத்து மூடினார். தையல் அந்தக் கற்றையில் பட்டால் துடிப்பு தடைப்படும். அப்போதைய பேஸ்மேக்கர் சுவரிலுள்ள மின்சார பிளக்கில் சொருகும் பெட்டி. 1957 அக்டோபர் 31ந் தேதி ஊரில் மின்சாரம் நின்றுபோனது. லில்லஹை, ஆஸ்பத்திரி கருவிகளை ரிப்பேர் செய்துவந்த ஏர்ல் பேக்கனைக் கூப்பிட்டு பேட்டரியில் ஓடும் கருவி கேட்டார். சங்கீதத்தில் தாளம் எண்ணும் மெட்ரோனோமுக்காக ஒரு பத்திரிகையில் வந்திருந்த ஸர்க்யூட்டைக் கொண்டு சில வாரங்களில் அவர் செய்து கொடுத்தார். தாளக் கருவியிலிருந்து உயிர்க் கருவி! ஆக, பேட்டரி பேஸ்மேக்கர் பிறந்ததே ஆபரேஷனால் வந்த தடைக்காகத்தான். மறு வருஷம் ஸ்வீடனில் ஆர்னே லார்ஸன் என்பவரின் உடலுக்குள்ளேயே ஒன்றைப் பொருத்தினார்கள். பல கருவிகளை மாற்றி மாற்றி, அவர் 2001 வரை, 86 வயது வாழ்ந்தார்.

நம் ஊருக்கும் வால்வு சரித்திரத்தில் பங்குண்டு. ஸ்ரீசித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய குழுவினரும் மூன்று மாதிரிகள் தோற்ற பின் நாலாவதில் ஜெயித்தார்கள். 1990 டிசம்பர் 6ந் தேதி முதல் சித்ரா வால்வு பொருத்தப்பட்டது. டி.டி.கே. கம்பெனி தயாரித்த அந்த வால்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போயிருக்கிறது. வலியத்தான் 2024ல் காலமானார். ஆனால் அதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டும், ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மருந்தும் வேண்டும். தள்ளாத வயதில் இரண்டும் கஷ்டம்.

கதீட்டர் வழி 2002ல் வந்தது. பிரான்ஸின் ரூவான் நகரில் டாக்டர் அலன் க்ரிபியே முதன்முதலில் செய்தார். இதில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. புதியது கம்பிக்கூட்டோடு விரிந்து, பழையதைச் சுவரோடு நெருக்கிவிடும். சமயத்தில் அந்தக் கற்றையும் நசுங்கும். 2019ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், பலூனால் விரியும் வால்வில் 100க்கு 6, 7 பேருக்கும், தானே விரியும் வால்வில் 17 பேருக்கும் முதல் மாதத்துக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. தானே விரியும் அந்த வால்வை விற்பது பேக்கன் தொடங்கிய மெட்ரானிக் கம்பெனிதான் என்பது வேடிக்கை.

முன்பே ஈ.ஸி.ஜி.யில் வலது கிளைத் தடை உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம். அத்திம்பேருக்கு அது பல வருஷமாகவே இருந்தது. டாக்டரும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அந்த வரி இருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

வீக்கம் வடிந்ததும் பலருக்குக் கற்றை மறுபடி வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது அத்திம்பேரின் பேஸ்மேக்கர் நூறில் நாலு துடிப்புதான் கொடுத்திருந்தது. "அப்போ எடுத்துடலாமோல்லியோ?" என்றார். தடை என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பலாம், துணைக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர். அதிகம் வேலை செய்யாததால் பேட்டரியும் நெடுநாள் வருமாம்.

இப்போது சாயங்காலம் மேத்தன் மணி வரை தனியாகவே நடந்துபோய்விட்டு வருகிறார்.