புதர் மூடிய கல்லறை

1973 ஆகஸ்டில், புளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரின் கறுப்பர் கல்லறைத் தோட்டத்தில், இடுப்பளவு புதருக்குள் இறங்கி ஒரு குழியைத் தேடினாள் ஒரு பெண். ஊர்க்காரர்களிடம் செத்தவளின் அண்ணன் மகள் என்று பொய் சொல்லியிருந்தாள். செத்தவர் சோரா நீல் ஹர்ஸ்டன். 1937இல் கறுப்பு மக்களின் பேச்சிலேயே நாவல் எழுதியவர். 1960இல் அரசு ஆதரவில்லத்தில் இறந்தார். காசு வசூலித்துப் புதைத்தார்கள். கல் நட ஆளில்லை.

தேடி வந்தவர் ஆலிஸ் வாக்கர். 1944இல் ஜார்ஜியாவின் ஈட்டன்டனில் பிறந்தவர். வெள்ளைக்காரன் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பம்; எட்டுப் பிள்ளைகளில் கடைசி. உங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு எதுக்கு என்று கேட்ட பண்ணைக்காரனை அம்மா வாசலோடு விரட்டியிருக்கிறார். எட்டு வயதில் அண்ணன் சுட்ட விளையாட்டுத் துப்பாக்கிக் குண்டு வலது கண்ணில் பாய்ந்தது. அப்பா ரோட்டில் கைகாட்டிய காரை வெள்ளைக்காரன் நிறுத்தினான். பிள்ளைக்கு அடிபட்டிருக்கு என்றதும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பார்வை போயே போச்சு. ஊமையாகிப் போன அந்தப் பிள்ளை புத்தகத்துக்குள் புகுந்து கவிதை எழுதத் தொடங்கியது. வீட்டு வேலைக்குப் போன அம்மா தையல் மிஷின், சூட்கேஸ், டைப்ரைட்டர் மூன்றும் வாங்கித் தந்தார். 1968இல் முதல் கவிதைத் தொகுதி, 1970இல் முதல் நாவல்.

1982இல் 'தி கலர் பர்ப்பிள்'. வீட்டு ஆண்களிடம் அடியும் வதையும் பட்ட செலி கடவுளுக்கு எழுதும் கடிதங்கள். நாவலுக்கு புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண் வாக்கர்தான், 1983இல். 1985இல் படமாக வந்தபோது கறுப்பு ஆண்கள் பலர் கொதித்தார்கள். நம்ம வீட்டுச் சங்கதியை வெள்ளைக்காரன் சபையில் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. வைக்காமல் இருந்தால் மட்டும் அடி நின்றுவிடுமா? அவன் அடித்தால் கொடுமை, இவன் அடித்தால் குடும்ப விஷயம், அவ்வளவுதான்.

இந்த வசவு பழசு. 1937இலேயே ரிச்சர்ட் ரைட், பெரிய கறுப்பு எழுத்தாளர், ஹர்ஸ்டனின் நாவலில் விஷயமே இல்லை, வெள்ளை வாசகரைக் குஷிப்படுத்துகிறது என்று எழுதினார். ஹர்ஸ்டனின் புத்தகங்கள் அச்சில் இல்லாமல் போயின. 1975இல் வாக்கரின் கட்டுரை வந்த பிறகே மறுபடி படிக்கத் தொடங்கினார்கள்.

கல்லுக்கு வருவோம். பிடித்த கறுப்புக் கல்லுக்குக் காசு போதவில்லை; சாதாரண சாம்பல் கல்லே வாங்கினார் வாக்கர். அதில் பிறந்த வருஷம் 1901 என்று இருக்கிறது. உண்மையில் 1891. ஹர்ஸ்டன் சொல்லிவைத்த பொய் அது. இருபத்தாறு வயதில், 1917இல், இலவசமாகப் பள்ளிக்கூடத்தில் சேரப் பத்து வயதைக் குறைத்துச் சொன்னார்.