நீஸ் நகரின் அரண்மனை விடுதிகள்

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லைக்கு அருகே, மத்தியதரைக் கடலோரம் அமைந்த நகரம் நீஸ். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஐரோப்பிய அரச குடும்பங்களும் பெருஞ்செல்வர்களும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடமாக இது இருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் தங்குவதற்காகவே அங்கு எழுந்த மாபெரும் சொகுசு விடுதிகள் 'அரண்மனை விடுதிகள்' எனப்பட்டன. அரசர்கள் தங்கியதாலும், அரண்மனை போலவே கட்டப்பட்டதாலும் அந்தப் பெயர் பொருந்தியது.

இன்று நீஸ் என்றதும் கோடை வெயிலும் கடற்குளியலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த விடுதிகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. இலையுதிர்காலத்தில் திறந்து, வசந்தம் முடியும்போது மூடிவிடுவதே அவற்றின் வழக்கம். வெயிலில் தோல் கறுப்பது அன்றைய மேட்டுக்குடியினருக்கு இழிவு. வயலில் உழைப்பவருக்குத்தான் அந்த நிறம் என்பது அவர்கள் எண்ணம்.

நோயாளிகளும் பிச்சைக்காரர்களும்

முதலில் வந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர், நோயாளிகள். ஸ்காட்லாந்து நாவலாசிரியரும் மருத்துவருமான டோபியாஸ் ஸ்மாலெட் 1763இல் உடல்நலம் தேடி நீஸுக்கு வந்தார். அவர் 1766இல் வெளியிட்ட பயண நூல் இந்த ஊரின் தட்பவெப்பத்தை இங்கிலாந்தில் பரவலாக அறியச் செய்தது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. வெயிலும் தெளிந்த காற்றுமே சிகிச்சை என்று மருத்துவர்கள் தெற்கே அனுப்பினர். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை.

நீஸின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலையின் பிறப்பும் ஒரு துன்பத்தில்தான் தொடங்குகிறது. 1820-21 குளிர்காலத்தில் கடும் உறைபனியால் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேலையிழந்தவர்கள் தெருவில் கையேந்தி நின்றனர். அங்கு தங்கியிருந்த லூயிஸ் வே என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் நாட்டவரிடம் நிதி திரட்டி, கடலோரம் ஒரு நடைபாதை போடும் வேலையை அவர்களுக்குக் கொடுத்தார். 'ஆங்கிலேயர் பாதை' என்று ஊரார் அழைத்த அந்தச் சிறு பாதையே பிறகு விரிந்து 'பிரோமனாட் தெஸ் ஆங்லே' ஆயிற்று. பசித்தவர்கள் கூலிக்குப் போட்ட பாதையின் ஓரத்தில்தான் அரண்மனை விடுதிகள் பின்னாளில் வரிசை கட்டி நின்றன.

ரயிலும் ராணியும்

1860 வரை நீஸ் சார்தீனிய அரசின் பகுதியாக இருந்தது. அவ்வாண்டு பிரான்சுடன் இணைக்கப்பட்டது. 1864இல் ரயில் பாதை வந்து சேர்ந்தபின் நகரின் போக்கே மாறியது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் அந்த ஆண்டிலேயே ரயிலில் வந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மூத்த மகன், பட்டத்து இளவரசர் நிக்கோலாய், 21 வயதில் நீஸிலேயே இறந்தார். பணமும் பட்டமும் இருந்தும் காற்று கைகொடுக்கவில்லை. 1912இல் திறக்கப்பட்ட ரஷ்யப் பேராலயம் அவர் நினைவோடு பிணைந்தது.

அக்காலப் பெருவிடுதிகளில் பல கடற்கரையில் இல்லாமல் சிமியே என்ற குன்றின்மேல் கட்டப்பட்டன. கடலுக்கு மிக அருகே வசிப்பது நோயாளிக்கு ஆகாது என்ற கருத்தே இதற்கு ஒரு காரணம். அக்குன்றின் மிகப் பெரிய கட்டிடம் எக்செல்சியர் ரெஜினா. செபஸ்தியன்-மார்செல் பியாசினி வடிவமைத்த இது 1897இல் திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி அவ்வாண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் வந்து தங்கினார். 'பால்மோரல் சீமாட்டி' என்ற பெயரில் மறைவாகப் பயணம் செய்வதாக ஏற்பாடு. பெரும் பரிவாரம் சூழ வந்தவரை அந்தப் பெயர் எவரிடமிருந்தும் மறைத்திருக்க முடியாது.

1897 பயணம் இந்தியர் ஒருவரால் அரண்மனைக்குள் பெரும் பூசலைக் கிளப்பியது. ஆக்ராவிலிருந்து 1887இல் பணியாளாக வந்து, ராணிக்கு உருது கற்பித்து 'முன்ஷி'யாக உயர்ந்தவர் அப்துல் கரீம். அவர் சிமியேவுக்கு வந்தால் தாங்கள் பதவி விலகுவோம் என்று ராணியின் பரிவாரத்தினர் மிரட்டினர். ஒரு மருத்துவமனை உதவியாளரின் மகனுடன், அதுவும் ஓர் இந்தியருடன், சமமாக உணவருந்துவதா என்பதே அவர்கள் கோபம். செய்தியைக் கேட்ட ராணி மேசையில் இருந்தவற்றையெல்லாம் சினத்தோடு தரையில் தள்ளினார். பரிவாரம் பணிந்தது, முன்ஷி வந்தார். விடுமுறை முழுவதும் சச்சரவு ஓயவில்லை. பேரரசின் நிறவெறியையும் வர்க்கப் படிநிலையையும் அந்த விடுதியின் உணவு மேசை காட்டிய அளவுக்குச் சட்டப் புத்தகங்கள் காட்டியிருக்குமா என்பது ஐயமே.

அதே காலத்தில் ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவும் காசநோயோடு நீஸில் குளிர்காலத்தைக் கழித்தார். அவர் தங்கியது சிக்கனமான ஒரு ரஷ்ய உணவு விடுதியில். 'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் திருத்தப் பணியை அங்கேதான் செய்தார்.

நெக்ரெஸ்கோ

நீஸின் அடையாளமாக இன்று நிற்பது ஹோட்டல் நெக்ரெஸ்கோ. இதைக் கட்டுவித்த ஆன்றி நெக்ரெஸ்கோ 1868இல் புக்கரெஸ்டில் ஒரு சத்திரக்காரரின் மகனாகப் பிறந்தவர். விடுதித் தொழிலில் படிப்படியாக உயர்ந்து, நீஸ் நகராட்சிச் சூதாட்ட மன்றத்தின் உணவகத்தை நடத்தினார். அங்கு உணவருந்தும் செல்வர்களின் விருப்பு வெறுப்புகளை நன்கு அறிந்தவர். இவர்களுக்காகவே ஒரு விடுதி வேண்டும் என்று முடிவு செய்தார். மோட்டார் வாகன உற்பத்தியாளர் அலெக்சாந்தர் தராக் பணம் தந்தார். நெதர்லாந்தில் பிறந்து பாரிஸில் கேளிக்கை அரங்குகளைக் கட்டிப் பெயர் பெற்ற எதுவார்-ழான் நீர்மான்ஸ் வடிவமைத்தார். குன்றில் அல்லாமல், ஆங்கிலேயர் உலாச்சாலையிலேயே கடலைப் பார்த்தபடி, மூலையில் இளஞ்சிவப்புக் குவிமாடத்துடன் 1913 தொடக்கத்தில் விடுதி திறக்கப்பட்டது.

குவிமாடத்தை உரிமையாளர் தம் காதலியின் மார்பின் வடிவில் அமைக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அருகிலுள்ள கான் நகரின் கார்ல்டன் விடுதிக் குவிமாடங்களுக்கும் இதே கதை வேறொரு பெண்ணின் பெயரில் சொல்லப்படுகிறது. விருந்தினரை மகிழ்விக்க விடுதிக்காரர்கள் பரப்பும் கதைகளில் இதுவும் ஒன்று எனக் கொள்ளலாம். விடுதியின் வட்ட மண்டபத்தில் தொங்கும் பக்காரா சரவிளக்கில் 16,309 படிகங்கள் உள்ளன. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாய்க்காகச் செய்யப்பட்டு, புரட்சியால் அவரிடம் போய்ச் சேராதது என்பது அதைப் பற்றிய மரபான செய்தி.

முதல் ஆண்டில் வருவாய் நன்றாகவே இருந்தது. 1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. விடுதி இராணுவ மருத்துவமனையாக்கப்பட்டது. போர் முடிந்தபோது பழைய விருந்தினர் உலகமே இல்லை. ரஷ்யப் பிரபுக்கள் கொல்லப்பட்டனர் அல்லது நாடிழந்தனர். ஒரு காலத்தில் நீஸில் மாளிகை வைத்திருந்த குடும்பங்களைச் சேர்ந்த சிலர் பின்னர் அதே கடற்கரையில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தனர். கடனில் மூழ்கிய நெக்ரெஸ்கோ 1920இல் பாரிஸில் இறந்தார். அவர் பெயர் பொறித்த கட்டிடம் ஏற்கெனவே வேறு கைகளுக்குப் போய்விட்டிருந்தது.

பருவம் மாறியது

1920களில் அமெரிக்கர்கள் வந்தனர். கோடையில் கடற்கரையில் படுத்து வெயில் காய்வது நாகரிகமாயிற்று. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் இரண்டு வார விடுப்பு சட்டமானபின், கடற்கரை அவர்களுக்கும் எட்டத் தொடங்கியது. குளிர்கால அரண்மனைகள் பல நலிந்தன. ரெஜினா அடுக்ககமாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. ஓவியர் ஆன்றி மத்தீஸ் அங்கு வீடு வாங்கினார், 1954இல் நீஸில் இறந்தார்.

எக்செல்சியர், 1943

நீஸின் விடுதி வரலாற்றை எழுதுவோர் சிலர் விரைந்து தாண்டிச் செல்லும் பகுதி இது. 1942 நவம்பர் முதல் நீஸ் இத்தாலியப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. இத்தாலியர்கள் யூதர்களை நாஜிகளிடம் ஒப்படைக்க மறுத்ததால், ஆயிரக்கணக்கானோர் அங்கு அடைக்கலம் புகுந்தனர். 1943 செப்டம்பர் 8இல் இத்தாலியின் சரணடைவு அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் எஸ்.எஸ். அதிகாரி அலோய்ஸ் புருன்னர் நீஸுக்கு வந்து, ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த எக்செல்சியர் விடுதியைத் தலைமையகமாக்கினார். (இது சிமியே ரெஜினா அன்று, வேறொன்று.) பிடிபட்டவர்கள் அதன் அறைகளில் அடைக்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, நடந்து செல்லும் தொலைவிலிருந்த நிலையத்திலிருந்து பாரிஸுக்கு அருகிலுள்ள திரான்சி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் சென்றனர். விருந்தினர் வசதிக்காக நிலையத்தின் அருகே கட்டப்பட்ட விடுதி, அந்த வசதிக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பின்னாளில் நாஜிக் குற்றவாளிகளைத் தேடி நீதிமன்றத்தில் நிறுத்தப் பாடுபட்ட செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்டு அப்போது எட்டு வயதுச் சிறுவன். தாயோடும் அக்காவோடும் ஓர் அலமாரியின் பொய்த் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது, தந்தை அழைத்துச் செல்லப்பட்டார். அவர் ஆஷ்விட்ஸில் இறந்தார். அதே நகரில் மூசா அபாடியும் ஒதெத் ரோசன்ஸ்டாக்கும், ஆயர் போல் ரெமோனின் துணையோடு, 527 குழந்தைகளை மறைத்து வைத்துக் காப்பாற்றினர்.

ழான் ஒழியே

1957இல் நலிந்துகிடந்த நெக்ரெஸ்கோவை மெனாஜ் குடும்பம் வாங்கியது. சக்கர நாற்காலியில் இருந்த தாய்க்கு ஏற்ற அகன்ற மின்தூக்கி அங்கு இருந்ததே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. மகள் ழான் ஒழியே அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதன் உரிமையாளராக இருந்தார். மேல் மாடியில் நாய் பூனைகளோடு வசித்தபடி, பதினான்காம் லூயி காலத்து ஓவியங்களையும் நிக்கி த சேன்-ஃபால் செய்த வண்ணப் பெண் சிற்பத்தையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்தார். பெரும் விலை பேசி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

2016 ஜூலை 14 இரவு, உலாச்சாலையில் வாணவேடிக்கை பார்த்துத் திரும்பிய கூட்டத்தின்மீது ஒருவன் லாரியை ஏற்றியதில் 86 பேர் இறந்தனர். காயமுற்றவர்கள் நெக்ரெஸ்கோவின் வரவேற்புக் கூடத்துக்குத் தூக்கி வரப்பட்டனர். நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தளம் இரண்டாவது முறையாக மருத்துவமனை ஆனது. ஒழியே 2019 ஜனவரியில் 95ஆம் வயதில் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. விடுதியின் ஊழியர்களுக்கும், விலங்குகளின் நலனுக்கும், ஊனமுற்றோருக்கும் பயன்படும்படி ஓர் அறக்கொடை நிதியை 2009இலேயே அவர் ஏற்படுத்தியிருந்தார். 2021இல் யுனெஸ்கோ நீஸ் நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள பெயர், 'ரிவியராவின் குளிர்கால ஓய்வு நகரம்'.